மூச்சைக் காத்த காற்று கண்ணைப் பறித்தது!

கோவிலூரில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காரைக்குடி, சிவகங்கை என்று ஓடிக் குழந்தையைக் காப்பாற்றிவிடுகிறார்கள். எடை ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. மூக்கில் பிராணவாயுக் குழாய். மூன்று வாரத்தில் பால் குடிக்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

ஆபத்து கழிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. கண் பாக்கி இருக்கிறது!

கண்ணின் பின்புறம் விழித்திரை என்ற மெல்லிய சவ்வு உண்டு. அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி வளர்கின்றன. ஓரத்தைத் தொடப் பத்து மாதம் ஆகும். குறைமாதத்தில் பிறந்தால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. அப்போது பிராணவாயு அளவுக்கு மிஞ்சினால் வளர்ச்சி தடைப்படும். பிறகு தாறுமாறாகப் புதுக் குழாய்கள் கிளைக்கும். அவை விழித்திரையை இழுத்துப் பெயர்த்துவிட்டால் பார்வை போனதுதான்.

நர்சுகளின் இரக்கம்

இந்த நோயை 1942-ல் முதலில் விவரித்தவர் பாஸ்டன் நகர டாக்டர் டெர்ரி. காரணம் யாருக்கும் புரியவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் கண் இழந்தன. விந்தை என்னவென்றால், வசதி மிகுந்த ஆஸ்பத்திரிகளில்தான் நோய் அதிகம்!

1951-ல் மெல்போர்ன் பெண் டாக்டர் கேட் காம்ப்பெல் பிராணவாயு மீது சந்தேகத்தைக் கிளப்பினார். வாஷிங்டனில் டாக்டர் ஆர்னால் பாட்ஸ் சோதனை நடத்தினார். சில குழந்தைகளுக்குப் பிராணவாயு அதிகம். மற்றவற்றுக்குத் தேவைக்கு மட்டும். நர்சுகள் சிலருக்கு மனம் கேட்கவில்லை. இரவில் இரண்டாம் வகைக் குழந்தைகளுக்கும் குழாயைத் திறந்துவிட்டார்கள்! அவர்களைக் குறை சொல்ல முடியுமா? குழந்தை திணறுவதைப் பார்த்துக்கொண்டு எவளால் சும்மா நிற்க முடியும்?

18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆராய்ந்ததில், பாட்ஸ் சொன்னதே சரி என்று 1954-ல் தெரிந்தது. உடனே பிராணவாயுவை ஒரேயடியாகக் குறைத்தார்கள். மூச்சின்றி இறந்த குழந்தைகளும் உண்டு.

இன்று அளவுகாட்டும் கருவி இருக்கிறது. குழந்தையின் பாதத்தில் கட்டுகிறார்கள். ரத்தத்தில் பிராணவாயு 90-க்கும் 95-க்கும் இடையில் நிற்கவேண்டும். எண் ஏறினால் நர்சு காற்றுக் கலவையைக் குறைப்பாள். இறங்கினால் கூட்டுவாள். இரவு பகல் இதே வேலை. தொடுமுன் கை கழுவுவதும் கண்ணைக் காக்கும். கிருமி தொற்றினாலும் நோய் முற்றும்.

கண் பரிசோதனைக்கு முன் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரிய வைப்பாள். கன்னத்தில் வழிவதை உடனே துடைப்பாள். அந்த மருந்து தோல் வழியே இறங்கினால் பிஞ்சு உடம்பு தாங்காது. துணியில் சுற்றி, நாவில் தாய்ப்பால் தொட்டு வைத்தால் அழுகை குறையும்.

முப்பதாம் நாள்

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் கண்ணைப் பார்த்தாகவேண்டும். மிகச் சிறிய குழந்தையானால் இன்னும் முன்னதாக. இங்கேதான் தகராறு! “முப்பது கழியட்டும். பச்சைப் பிள்ளையை ஏன் வெளியே தூக்குகிறாய்?” என்பார் பாட்டி. வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே நடப்பது தாய்க்கும் தெரியாது.

நோய் முற்றியிருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் ஒளியோ ஊசி மருந்தோ தரவேண்டும். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியில் அந்தச் சிகிச்சை உண்டு. காரைக்குடியிலிருந்து சில மணி நேரப் பயணம்.

ஒரு தடவை பார்த்தால் போதாது. ரத்தக் குழாய் ஓரத்தைத் தொடும்வரை, வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ காட்டவேண்டும். வீட்டுக்குப் புறப்படும்போதே அடுத்த தேதியைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி நர்சிடம் கேட்கலாம்.