கல்லாவும் கணக்கும் ஒரே கையிலா? முதலாளிகளே உஷார்!

சேலம் ஃபேர்லேண்ட்ஸ், சாரதா கல்லூரி ரோடு. இரவு கடை அடைக்கும் நேரம். பகலெல்லாம் கல்லாவில் பணம் வாங்கியவரே நோட்டை எண்ணுகிறார். அவரே கணக்கு எழுதுகிறார். மறுநாள் பாங்கியில் கட்டப் போவதும் அவர்தான்!

"நம்ம ஆளுதானுங்க, பத்து வருஷமா இருக்கார்" என்பார் முதலாளி. பல கடைகளில் இதுதான் வழக்கம்.

ஆபத்தும் இங்கேதான். ஆள் கெட்டவர் என்பதல்ல பேச்சு. தப்பு செய்யவும், அதை மறைக்கவும் ஒரே நாற்காலியில் வசதி இருக்கக்கூடாது.

233 வருஷ பாங்கி திவால்!

லண்டன் பேரிங்ஸ் பாங்கி 1762-ல் தொடங்கியது. அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற வாலிபர் பங்குச்சந்தை வியாபாரம் செய்தார். அந்த வியாபாரத்துக்குக் கணக்கு முடிக்கும் பிரிவும் அவர் கையில்தான்! நஷ்டத்தை எல்லாம் '88888' என்ற ரகசியக் கணக்கில் ஒளித்தார். 1995 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. நஷ்டம் 82 கோடி பவுண்டுக்கு மேல். பாங்கி ஒரே ஒரு பவுண்டுக்கு விலைபோனது!

புது அதிகாரி வந்தார், விஷயம் வெளிவந்தது

நம் நாட்டிலும் நடந்தது. மும்பை பஞ்சாப் நேஷனல் பாங்கி கிளையிலிருந்து வெளிநாட்டுப் பாங்கிகளுக்கு உத்தரவாதத் தகவல்கள் போயின. பாங்கிக் கணக்கிலோ பதிவே இல்லை. ஓர் அதிகாரி 2010 முதல் 2017 வரை அதே சீட்டில் இருந்து இதைச் செய்தார் என்பது சி.பி.ஐ. குற்றச்சாட்டு.

அவர் ஓய்வு பெற்றார். 2018 ஜனவரியில் நீரவ் மோடி கம்பெனிகள் மறுபடி உத்தரவாதம் கேட்டன. புது அதிகாரி முன்பணம் கேட்டார். "முன்பெல்லாம் கேட்டதில்லையே" என்று பதில் வந்தது. தோண்டினால்... 11 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

முக்கியப் பொறுப்பில் உள்ள ஊழியர்களை வருஷத்துக்கு 10 வேலை நாளாவது, முன்கூட்டிச் சொல்லாமல் கட்டாய லீவில் அனுப்பும்படி 2021-ல் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்தால் மறைத்தது தெரிந்துவிடும் அல்லவா?

சின்னக் கடைக்கு என்ன வழி?

ஒருவர் பணம் வாங்கட்டும். இன்னொருவர் கணக்கு எழுதட்டும். பாங்கிக் கணக்கை முதலாளியே பார்க்கட்டும்.

கடையில் இருப்பதே ஒரே ஆளா? பில் மொத்தம், கல்லா ரொக்கம், போனில் வந்த பணம் மூன்றையும் தினமும் முதலாளியே ஒத்துப் பார்க்க வேண்டும்.

கல்லாக்காரருக்கும் இது நல்லதுதான். ஒருநாள் 500 ரூபாய் குறைந்தால் பழி முழுக்க அவர் தலையில் விழாது. இரண்டு பேர் பார்த்த கணக்கு, நல்லவருக்குச் சாட்சி!