வாவியின் இரு கரைகளும் வாணிபக் கணக்கும்

ஒரு நாடு எவற்றை ஏற்றுமதி செய்கின்றது, எவற்றை இறக்குமதி செய்கின்றது என்னும் வினாவுக்குச் சுங்கப் பதிவேடுகள் விடை தரும். ஆயின் துறைமுகத்தைக் கடவாது நாட்டினுள்ளேயே கைமாறும் பொருள்கள் அப்பதிவேடுகளில் இடம்பெறுவதில்லை. மட்டக்களப்புப் பிரதேசத்தின் முதன்மை விளைபொருளாகிய நெல் அத்தகையது. நாட்டின் வெளிநாட்டு வாணிபத்தோடு அந்நெல்லுக்குள்ள தொடர்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி இப்பிரதேசத்தை இரண்டாகப் பகுக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியில் அமைந்துள்ள குருக்கள்மடம் எழுவான்கரை ஊர்களுள் ஒன்று. இங்கிருந்து வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குச் செல்வதற்குப் 'பாதை' எனப்படும் மிதவைக் கலம் பயன்பட்டு வந்துள்ளது. மணல்நிலத்தில் தென்னை செழிக்கும். நெல்லுக்கு அது ஏற்றதன்று. மேற்கே நெல்லும் கால்நடையும் பெருகும். கடல்மீனும் கடைச்சரக்கும் அங்கு அரிது. எனவே நெல், தயிர், விறகு என்பன கிழக்கு நோக்கியும், தேங்காய், கடல்மீன், துணி, மண்ணெண்ணெய் என்பன மேற்கு நோக்கியும் செல்லலாயின. ஓரிடத்து மிகுதி வேறோரிடத்துக் குறையை நிரப்புவதே வாணிபம் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சிய நெல் முற்காலத்தில் பாய்க்கலங்களில் யாழ்ப்பாணம் முதலிய இடங்களுக்குச் சென்றது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தபின் தரைவழி வாணிபம் வலுப்பெற்றது. இவ்வாறு இப்பிரதேசம் நாட்டின் பிற பகுதிகளுக்கு உணவு வழங்கி வந்துள்ளது.

எனினும் இலங்கையின் அந்நியச் செலாவணி வேறிடத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும், அதனோடு இறப்பரும் தெங்குப் பொருள்களும் ஏற்றுமதியின் தூண்களாயின. அவ்வருவாயின் பெரும்பங்கு அரிசி, கோதுமை மா, சீனி, துணி ஆகியவற்றை வாங்குவதிற் கழிந்தது. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்-அரிசி உடன்படிக்கை இந்நிலையைத் தெளிவாகக் காட்டும். உண்ண முடியாத ஒன்றை விளைவித்து, உண்பதற்கு வேண்டியதைப் பெறவேண்டிய நிலையில் நாடு இருந்தது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் ஆடை உற்பத்தி தேயிலையை முந்தியது. வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணமும் பெருவருவாயாயிற்று.

வாவியிலிருந்து நேரடியாக ஏற்றுமதிக்குரிய பொருளாகக் கருதப்பட்டது இறால். 1980களில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறாற் பண்ணையொன்று இயங்கியது. 1987 சனவரியில் நிகழ்ந்த படுகொலையில் அதன் ஊழியர் பலர் உயிரிழந்தனர், அம்முயற்சியும் சிதைந்தது. பொருள் இருந்தாலும் அமைதி இன்றேல் வாணிபம் இல்லை என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

நெல்லோ ஏற்றுமதிப் பொருளன்று. ஆயினும் இங்கு விளையும் ஒவ்வொரு தொன் நெல்லும் அதற்கீடான அரிசியை வெளியிலிருந்து வாங்கும் தேவையைக் குறைக்கின்றது. ஈட்டும் டொலரைப் போன்றே செலவிடப்படாத டொலரும் நாட்டின் செல்வமாகும். சுங்கக் கணக்கு முன்னதைக் காட்டும், பின்னதைக் காட்டுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உள்நாட்டு நெல் எனப்படுவதினுள்ளேயே இறக்குமதிப் பொருள்கள் பல அடங்கியுள்ளன. யூரியா, கிருமிநாசினி, உழவு இயந்திரம், அதனை இயக்கும் டீசல் யாவும் கப்பலில் வருவன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியபோதிலும், 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. உரத்திற்குச் செலவாகும் டொலரை மிச்சப்படுத்த முயன்ற நாடு, 2022இல் பெருமளவு அரிசியை வாங்க நேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதும் நிறுத்தப்பட்டது. எரிபொருளுக்கான நீண்ட வரிசைகள் நாடெங்கும் காணப்பட்டன.

ஆகவே ஏற்றுமதி, இறக்குமதி என்பன துறைமுகத்தோடு மட்டும் நின்றுவிடுவனவல்ல. கொழும்பில் இறங்கும் உரமூடை படுவான்கரை வயலைச் சேர்கின்றது. அவ்வயலின் நெல் வாவி கடந்து நாட்டின் இறக்குமதிச் செலவைக் குறைக்கின்றது. இத்தொடர்பை உணராது வகுக்கப்படும் வாணிபக் கொள்கையின் சுமை, முதலில் உழவனின் தலைமீதும் பின்னர் உண்போர் அனைவரின் தலைமீதும் வந்து விழும் என்பது அண்மைக்கால வரலாறு தரும் பாடமாகும்.