கடல்நீர்த் தொட்டியில் பழுப்புப் படலம் ஏன்?

புதிதாக அமைத்த கடல்நீர் மீன்தொட்டியில் சில வாரங்களிலேயே வெள்ளை மணல் பழுப்பாகிவிடுகிறது. ஏன்? பெரும்பாலும் அது டயாட்டம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். குழாய்நீரிலும் புது மணலிலும் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் தானாக அடங்கிவிடும். மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்.

ஆனால் பழுப்பாகத் தெரிவதெல்லாம் டயாட்டம் அல்ல. சளிபோல இழைகள் நீண்டு, அவற்றில் காற்றுக்குமிழ்கள் சிக்கியிருந்தால் டைனோஃபிளாஜெலேட் என்று சந்தேகப்படுங்கள். இரவில் மெலிந்து, பகலில் விளக்கெரிந்ததும் மறுபடி தடிக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே வற்றிய நீரில்தான் இது அதிகம் தலைதூக்குகிறது. அதனால் இன்னும் சுத்தமாக்குகிறேன் என்று நீரை மாற்றிக்கொண்டே இருந்தால் நிலைமை மோசமாகும். ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் குழப்பம் தீரும்: டயாட்டம் அசையாமல் கிடக்கும் அல்லது மெல்ல வழுக்கும், ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகை ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு சுழலும்.

செந்நிற விரிப்பாகப் படர்ந்து, குழாயால் உறிஞ்சும்போது தோல்போல உரிந்து வருவது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. நீரோட்டம் குறைந்த மூலைகளில்தான் பிடிக்கும்.

பச்சை முடிப்பாசி வளர்வது பெரும்பாலும் மிஞ்சிய தீனியால். சோதனையில் பாஸ்பேட் பூஜ்யம் என்று வரலாம்; நம்பிவிடாதீர்கள், பாசியே அதை உறிஞ்சியிருக்கும். 40 லிட்டர் தொட்டிக்கு ஒரு சிட்டிகைத் தீனி கூடினாலும் அதிகம்தான். தீனியைக் குறையுங்கள். ஆர்.ஓ. நீரில் உப்புக் கலந்து வாரம் 10 சதவீதம் மாற்றுங்கள். விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும். ஒன்றிரண்டு டர்போ நத்தைகளை விடலாம். நீண்ட முடியை அவை அவ்வளவாகத் தொடாது. முதலில் கையால் பிடுங்கிக் குட்டையாக்கிவிடுங்கள், பிறகு மேயும்.