ஓர் ‘எஃப்’ கூடினால் பெயர் மாறிவிடுமா?

புதுச்சேரியில் எங்கள் ஊருக்கு ஒரே பெயர்தான், எழுதும் விதம் பல. தமிழில் உழவர்கரை. பேச்சில் ஒழுகரை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் எழுதிவைத்த ‘ஊல்கரே’ என்ற வடிவம்தான் இன்றும் நகராட்சியின் ஆங்கிலப் பெயர். ழகரத்துக்கு ‘இசட், எச்’ போடுகிறவர்கள் ஒருபக்கம், ‘எல்’ போடுகிறவர்கள் ஒருபக்கம். முதல் எழுத்து ‘யு’வா ‘ஓ’வா என்பதிலும் ஒற்றுமை கிடையாது. கடைப் பலகையில் இதனால் யாருக்கும் நட்டமில்லை, தபால்காரர் சரியான வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இணையத்தில் அந்தத் தபால்காரர் இல்லை. அங்கே ஓர் எழுத்து மாறினால் வேறு முகவரி, வேறு ஆள், வேறு கல்லாப்பெட்டி.

எங்கள் ஊர் ரெட்டியார்பாளையத்தில் இருபது வருடமாக மசாலாப் பொடி அரைத்து விற்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் ‘தாழம்பூ’ என்று பெயர். மகள் கல்லூரி முடித்து வந்து, அந்தப் பெயரில் டாட் காம் முகவரி ஒன்று வாங்குகிறாள். வேறு எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், ழகரத்துக்கு மட்டும் வேறு எழுத்துப் போட்டு இன்னொரு முகவரி வாங்குகிறார். அதே பூப்படம், அதே நிறம். ‘டீலர் ஆக முன்பணம் கட்டுங்கள்’ என்று ஒரு கியூஆர் கோடு. பணம் கட்டி ஏமாந்தவர்கள் தேடி வருவது ரெட்டியார்பாளையத்து வீட்டு வாசலுக்குத்தான். கதை நான் சொன்னது, வழிமுறை நான் கற்பனை செய்ததல்ல. பெரிய கம்பெனிகளின் பெயரிலேயே இப்படிப் போலி டீலர்ஷிப் தளங்கள் முளைத்து, டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன.

இது எப்படி நடக்கிறது? பெயருக்கு இரண்டு பதிவேடுகள் இருப்பதும், ஒன்றை ஒன்று பார்க்காததும்தான் காரணம். டொமைன் எனும் இணைய முகவரியை விற்கும் நிறுவனம் ‘இந்தப் பெயர் காலியா’ என்று மட்டும் பார்க்கும். முந்தி வந்தவருக்குக் கொடுத்துவிடும். அது யாருடைய வணிகச் சின்னம் என்று அது கேட்பதில்லை. சின்னத்தைப் பதிவு செய்யும் அலுவலகம் (புதுச்சேரிக்கு அது சென்னை கிண்டியில் இருக்கிறது) யாருக்கு எந்த டொமைன் இருக்கிறது என்று கேட்பதில்லை. இன்னொரு முரணும் உண்டு. ஒரே பெயரில் ஒருவர் மசாலாவும் இன்னொருவர் டிராக்டர் உதிரிபாகமும் விற்கலாம், இருவருக்கும் அவரவர் வகைப்பாட்டில் சின்னம் கிடைக்கும். அந்தப் பெயரில் டாட் காம் மட்டும் உலகம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான்.

இந்தச் சிக்கலை நம் உச்ச நீதிமன்றம் முதன்முதலாக ஆழமாகப் பார்த்தது ஒரு சென்னைக் கம்பெனியின் வழக்கில். சத்யம் இன்ஃபோவே என்ற நிறுவனம் தன் பெயரிலிருந்தே ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி, 1999 ஜூனில் சிஃபிநெட், சிஃபிமால் போன்ற டொமைன்களை வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் இந்திய இணைய நிறுவனம் என்ற பெயரையும் பெற்றது. 2001இல் பெங்களூரில் இன்னொரு நிறுவனம் வந்தது. அதன் டொமைனும் சிஃபிநெட்தான், ஆங்கில எழுத்தில் ஓர் ‘எஃப்’ மட்டும் கூடுதல். நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் போனது. அவர்கள் மறுத்தார்கள். எங்கள் கம்பெனியைத் தொடங்கிய ஐந்து பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்தோம், அப்படி வந்த பெயர் இது என்றார்கள்.

பெங்களூர் சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. புதிய நிறுவனம் ஏற்கெனவே உறுப்பினர்களைச் சேர்த்துவிட்டது, இப்போது பெயரைப் பிடுங்கினால் அதற்குத்தான் அதிக நட்டம் என்பது உயர் நீதிமன்றத்தின் பார்வை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2004 மே 6 அன்று நீதிபதி ரூமா பால் எழுதிய தீர்ப்பு, தடையை மீண்டும் கொண்டுவந்தது.

அந்தத் தீர்ப்பில் நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று செய்திகள் இருக்கின்றன என்பேன். டொமைன் வெறும் முகவரி அல்ல, வணிகச் சின்னத்தின் தன்மைகள் எல்லாம் அதற்கு உண்டு என்றது நீதிமன்றம். டொமைனுக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், வணிகச் சின்னச் சட்டமும் ‘பாசிங் ஆஃப்’ என்ற பழைய கோட்பாடும் போதும் என்றது. பாசிங் ஆஃப் என்றால், என் சரக்கை உன் சரக்கென்று நம்பவைத்து விற்பது. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எழுத்தில் கூடிய அந்த ‘எஃப்’ பெயர்களைப் பிரித்துக் காட்டவில்லை என்று நீதிமன்றம் கண்டது. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தானே ஒலிக்கின்றன! ஐந்து பேரின் முதலெழுத்து என்ற விளக்கத்தையும் அது நம்பவில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக எழுதும் நமக்கு இது பெரிய பாதுகாப்பு. ‘ழ’வுக்கு வேறு எழுத்துப் போட்டுவிட்டேன், ஆகவே வேறு பெயர் என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

சின்னம் பதிவாகவில்லை என்றால் வழியே இல்லையா? இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், 27ஆம் பிரிவில், பதிவில்லாத பெயருக்கும் பாசிங் ஆஃப் வழக்கை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அப்போது, மக்கள் அந்தப் பெயரை உங்களோடு சேர்த்துத்தான் அறிகிறார்கள் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். பழைய பில், உணவுப் பாதுகாப்பு உரிமம், அச்சகத்துக்குக் கொடுத்த லேபிள் ஆர்டர், பத்து வருடத்துக்கு முந்தைய பொங்கல் விளம்பர நோட்டீஸ் எல்லாமே சாட்சி. நம் ஊரில் இவற்றைத்தான் முதலில் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோம்.

பதிவு செய்தவருக்குச் சுமை குறைவு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகைப்பாட்டுக்கு ரூ.4,500 கட்டணம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். எதிராளி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 134ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்டணத்தைவிட இந்த வசதிதான் சிறு வியாபாரிக்குப் பெரிது.

கோர்ட்டுக்குப் போகாமலும் டொமைனை மீட்கலாம். ‘டாட் இன்’ முகவரி என்றால் டெல்லியில் உள்ள நிக்ஸி என்ற அமைப்பிடம் புகார் கொடுக்க வேண்டும். அது ஒரு நடுவரை நியமிக்கும். பெரும்பாலும் ஆவணங்களை வைத்தே, ஏறத்தாழ 60 நாளில் முடிவு வரும். ‘டாட் காம்’ என்றால், இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த உலகளாவிய விதிகள். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் புகார் போகும். ஒற்றை நடுவர் என்றால் கட்டணம் 1,500 டாலர், நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அங்கே மூன்றைக் காட்ட வேண்டும்: முகவரி உங்கள் சின்னத்தோடு குழம்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து அப்படியே பயன்படுத்தியும் வருகிறார். டாட் இன்னில் பதிவு, பயன்பாடு இரண்டில் ஒன்றில் கெட்ட எண்ணம் இருந்தாலே போதும். இரண்டு இடத்திலும் பெயர் கிடைக்கும் அல்லது ரத்தாகும். போன பணத்துக்கு நட்டஈடு வேண்டுமானால் நீதிமன்றம்தான்.

இனி மறுபக்கம். சின்னம் வைத்திருப்பவர் எல்லாம் நல்லவர், டொமைன் வைத்திருப்பவர் எல்லாம் திருடர் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் உசி நிசான் என்றொருவர் இருந்தார். நிசான் அவருடைய குடும்பப் பெயர். 1994இல் தன் கம்ப்யூட்டர் தொழிலுக்கு நிசான் டாட் காம் வாங்கினார். 1999இல் ஜப்பானியக் கார் நிறுவனம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பல ஆண்டு வழக்காடி அவர் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார், கைக்காசு கரைந்தது. நம் சட்டத்தில் 35ஆம் பிரிவு, நேர்மையாகத் தன் சொந்தப் பெயரில் தொழில் செய்பவரைக் காக்கிறது. சின்னக்காரர் அதைப் பயன்படுத்தவும் பதிவு செய்யவும் தொடங்குவதற்கு முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து புழங்கிவந்தவரை 34ஆம் பிரிவு காக்கிறது. ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுப்பவர் மேலேயே வழக்குப் போட 142ஆம் பிரிவு வழி செய்கிறது.

ஊர்ப்பெயர் விஷயம் இன்னும் வழுக்கும் நிலம். பாண்டி என்ற சொல்லைச் சேர்க்காமல் இங்கே பேக்கரியும் இல்லை, டிராவல்ஸும் இல்லை. ஊர்ப்பெயரை மட்டும் ஒருவர் சின்னமாகச் சொந்தம் கொண்டாடுவது எளிதல்ல. பார்சிலோனா டாட் காம் வழக்கில் பார்சிலோனா மாநகராட்சிக்கு அப்பெயர் போக வேண்டும் என்று முதலில் முடிவானது, 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வாங்கியவர் பக்கம் நின்றது. ஆனால் நம்மை ஒருகாலத்தில் ஆண்ட பிரான்ஸ் வேறு கதை. 1994 முதல் ஒருவர் நடத்திவந்த பிரான்ஸ் டாட் காம் முகவரியை, பாரிஸ் நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டு 2018இல் அந்நாட்டு அரசே எடுத்துக்கொண்டது. எந்த நாட்டு நீதிமன்றம் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகலாம். பெயரில் ஊரை வைப்பவர்கள் அதோடு தங்களுக்கே உரிய ஒரு சொல்லையும் வைப்பது நல்லது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘சரி, எவ்வளவு தருவீர்கள்?’ என்று பதில் எழுதிவிடுகிறார்கள். சின்னக்காரருக்கே கூடுதல் விலைக்கு விற்பதற்காகப் பெயரை வாங்குவதை ஐகான் விதிகள் கெட்ட எண்ணத்தின் அடையாளமாகச் சொல்கின்றன. அந்த ஒரு வரி உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். புகார் மின்னஞ்சலைக் கண்டும் காணாமல் இருப்பதும் அதே அளவு ஆபத்து. டாட் காம் புகாருக்குப் பதில் சொல்ல 20 நாள்தான் கெடு. தோற்றாலும், 10 வேலை நாளுக்குள் உரிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் மாற்றம் நிற்கும்.

அதே சமயம், ‘சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரைப் பதிவு செய்யப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள்’ என்று வரும் மின்னஞ்சல் பழைய ஏமாற்று வேலை. அதற்குப் பதில் போடவே வேண்டாம். போலித் தளத்தில் யாராவது பணம் இழந்திருந்தால் முதலில் வக்கீலைத் தேடாதீர்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான்.

பெரிய வழக்குகளைச் சொல்லிவிட்டேன். ஆனால் நம் பகுதியில் பெயர் கைவிட்டுப் போகக்கூடிய வழி பெரும்பாலும் இதைவிட எளியது. வெப்சைட் செய்து கொடுத்த பையன் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் வாங்கியிருப்பான். கெட்ட எண்ணம் இருந்திருக்காது, அவசரத்தில் செய்திருப்பான். நாலு வருடம் கழித்து அவன் துபாயில் இருப்பான். புதுப்பிக்கும் நினைவூட்டல் அவனுக்குப் போகும், சில நூறு ரூபாய் கட்டாததால் பெயர் சந்தைக்கு வந்துவிடும்.

உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதி வரை பதிவாகியிருக்கிறது என்று இன்றே கேளுங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால், செய்து கொடுத்தவர் தொடர்பில் இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள். உங்கள் பெயரை வாடிக்கையாளர்கள் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பார்த்து, அதிகம் புழங்கும் இரண்டு மூன்று எழுத்து வடிவங்களையும் கூடவே வாங்கி வையுங்கள். பழைய பில் கட்டுகளைப் பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.