ஆதரிக்கிறேன் என்று சொன்னால்

பூந்தமல்லியில் பயங்கரவாத வழக்குகளுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கைத் தடா சட்டத்தின்கீழ் விசாரித்து, 1998 ஜனவரியில் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது இங்கேதான். வெடிகுண்டும் சதியும் விசாரிக்கப்பட்ட பூந்தமல்லிக்கு 2002இல் வேறு மாதிரியான வழக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அதில் குற்றமாகச் சொல்லப்பட்டது ஒரு மேடைப் பேச்சு.

2002 ஜூன் 29 அன்று மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் நடந்த கூட்டத்தில் மதிமுக பொதுச்செயலாளர் வைகோ, விடுதலைப் புலிகளை நேற்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன், நாளையும் ஆதரிப்பேன் என்ற பொருளில் பேசினார். புலிகள் இயக்கத்துக்கு 1992 முதலே இந்தியாவில் தடை இருந்தது. அமெரிக்கா போய்விட்டுத் திரும்பியவரை ஜூலை 11 அன்று சென்னை விமான நிலையத்தில் கைது செய்து வேலூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவர் மக்களவை உறுப்பினர். பாய்ந்தது பொடா எனப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், அதன் 21ஆம் பிரிவு.

அந்தப் பிரிவைப் படித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு திரட்டுவது குற்றம். பணமோ பொருளோ கொடுத்தால்தான் ஆதரவு என்பதில்லை. ஆதரவை ஊக்குவிக்கும் கூட்டத்தில் பேசினாலும் பத்தாண்டு வரை சிறை. எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருள் கொண்டால், ஈழத்துச் சாவுகளுக்காக மேடையில் கலங்கிப் பேசிய எத்தனையோ தமிழர்கள் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

பொடாவை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2003 டிசம்பர் 16 அன்று வந்த தீர்ப்பு சட்டத்தை ரத்து செய்யவில்லை. ஆனால் 21ஆம் பிரிவில் எழுதப்படாத ஒன்றை அதற்குள் வாசித்தது: பயங்கரவாதச் செயலை வளர்க்கும் உள்நோக்கம் இருந்தால்தான் குற்றம், வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது. 2004 பிப்ரவரியில் வைகோ ஜாமீனில் வெளியே வந்தார். உள்ளே இருந்தது ஏறத்தாழ 19 மாதம். அதே ஆண்டு பொடாவை நீக்கிவிட்டு, அதன் பல பிரிவுகளைச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ஊபாவுக்குள் கொண்டுவந்தபோது, ஆதரவு பற்றிய பிரிவில் உள்நோக்கம் என்ற நிபந்தனையையும் நாடாளுமன்றம் சேர்த்தே எழுதியது. ஒரு தீர்ப்பு சட்டத்தின் வாசகமாகவே மாறியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

மனதில் இருப்பதை நீதிபதி எப்படிப் பார்ப்பார்? சூழலை வைத்துத்தான். 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று, சண்டிகரில் ஒரு திரையரங்கத்தின் முன் இரண்டு அரசு ஊழியர்கள் காலிஸ்தான் வாழ்க என்று சில முறை கோஷமிட்டார்கள். அதைவிடக் கொதிப்பான நாள் இருக்க முடியாது. ஆனாலும் 1995இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது: கோஷத்தைக் கேட்டு ஒருவரும் எழவில்லை, எதுவும் நடக்கவில்லை. அதற்கு முன்பே 1989இல், இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கில், உச்ச நீதிமன்றம் படத்தின் பக்கம் நின்றது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப்போல, சொல்லும் ஆபத்தும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்க வேண்டும் என்றது. கலவரம் வரும் என்று அரசு சொன்னால், கலவரத்தைத் தடுப்பதுதான் அரசின் வேலை, பேசுகிறவரின் வாயைக் கட்டுவதல்ல.

இந்தச் சிந்தனையின் தொடக்கமும் சென்னைதான். ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று 1950இல் மதராஸ் அரசு தடை போட்டது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. மறு ஆண்டே அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்து, ‘பொது ஒழுங்கு’ என்ற காரணமும் பேச்சைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் ஏறியது. 1962இல் கேதார்நாத் வழக்கில், வன்முறையைத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் போக்குடைய பேச்சுக்கு மட்டுமே தேசத்துரோகப் பிரிவு பொருந்தும் என்று வரம்பு கட்டப்பட்டது. 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிராண்டன்பர்க் வழக்கில் இன்னும் இறுக்கமான கோடு போட்டது: உடனடியாக நடக்கக்கூடிய சட்டமீறலைத் தூண்டுவதாகவும், அது நடக்கும் வாய்ப்பு உள்ளதாகவும் பேச்சு இருக்க வேண்டும். நம் சட்டத்தில் இன்னும் ‘போக்கு’ என்ற தளர்ந்த சொல்தான் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் நீளும்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. உள்நோக்கம் இருந்ததா என்பது விசாரணையின் முடிவில்தான் தெரிகிறது. ஊபாவிலோ, குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மைபோலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. முடிவு வரும்வரை பேசியவர் சிறையில் இருக்க நேரும். 2021 அக்டோபரில், மாவோயிஸ்ட் பிரசுரங்கள் வைத்திருந்ததாகக் கைதான கோழிக்கோடு இளைஞர்களின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியை ஜாமீன் கட்டத்திலேயே கேட்டது. இயக்கத்தின் செயலை வளர்க்கும் நோக்கம் இருந்ததாகக் காட்ட ஆவணத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டு ஜாமீன் கொடுத்தது. ஆதரவுப் பேச்சு என்று பதிவாகும் ஒவ்வொரு வழக்கிலும் முதல் ஜாமீன் மனு வரும் நாளிலேயே, பூந்தமல்லி ஆனாலும் வேறு ஊர் ஆனாலும், அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.