திரும்பி வரும் மின்னஞ்சலில் என்ன எழுதியிருக்கிறது?

வேலைக்கோ கல்விக் கடனுக்கோ விண்ணப்பம் அனுப்பிய சில நொடிகளில் 'மெய்லர் டேமன்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்து விழும். ஏதோ விளம்பரம் என்று பலர் அதை அழித்து விடுகிறார்கள். விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்பதைத் தெரிவிக்கும் அறிவிப்பு அது. இறுதி நாள் முடிந்த பின் தேடிப் பயனில்லை.

தபால் உறையை நினைத்துக் கொண்டால் விஷயம் புரியும். உள்ளே கடிதத்தில் ஒரு பெயர், உறையின் பின்புறம் ஒரு முகவரி. மின்னஞ்சலிலும் அப்படித்தான். திரையில் தெரியும் அனுப்புநர் பெயர் கடிதத்தில் எழுதியது போன்றது. கணினிகள் தங்களுக்குள் பரிமாறிக் கொள்ளும் திரும்பு முகவரி வேறு. அது வழக்கமாகக் கண்ணில் படாது. சேராத அஞ்சல் பற்றிய தகவல் அங்கேதான் போகும். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறையிலேயே இந்த ஏற்பாடு உண்டு.

அறிவிப்பில் உள்ள மூன்று இலக்க எண்ணை முதலில் பாருங்கள். 5-இல் தொடங்கினால் கதை முடிந்தது. மறுபடி முயற்சி நடக்காது. 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். அனுப்பும் கணினி தானாகவே திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது விதி. நாளைக்கே இறுதி நாள் என்றால் அதை நம்பி உட்கார முடியாது, போன் போட்டு விடுவதே நல்லது.

இந்த அறிவிப்புக்கு மட்டும் திரும்பு முகவரி காலியாக விடப்படும். இல்லாவிட்டால் இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று 'சேரவில்லை, சேரவில்லை' என்று விடிய விடிய அனுப்பிக் கொண்டிருக்கும்.

அனுப்பாத அஞ்சல் திரும்பி வந்தால்? உறையின் பின்னால் யார் முகவரியையும் யாரும் எழுதலாம் அல்லவா, மோசடிக்காரர்களும் அதையே செய்கிறார்கள். இதைத் தடுக்கச் சோதனைகள் இப்போது உண்டு என்றாலும் முழுமையாக நிற்கவில்லை. சிலர் போலி அறிவிப்பே அனுப்பி, கடவுச்சொல்லைக் கேட்பார்கள். உண்மையான அறிவிப்பு கடவுச்சொல் கேட்காது.

இன்னொன்று. திரும்பி வரவில்லை என்பதாலேயே போய்ச் சேர்ந்ததாக அர்த்தமில்லை. முகவரியின் கடைசியில் வரும் 'எம்ஒய்' விடுபட்டால் அது முன்பின் தெரியாத வேறொரு நிறுவனத்தின் பெட்டியில் போய் விழலாம். அப்போது எந்த அறிவிப்பும் வராது.