அறிக்கையில் ‘பொசிட்டிவ்’ என்றால்...

மூட்டுநோவும் முகத்தில் செம்படையும் நீங்காதபோது வைத்தியர் ‘ஏ.என்.ஏ.’ இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். ‘பொசிட்டிவ்’ என்று வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. அது உண்மையில் சொல்வதென்ன?

கிருமிகளை எதிர்க்க நம் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. சிலவேளை அவை சொந்தக் கலங்களின் கருவையே பகையாகக் கொள்கின்றன. லூபஸ் நோயில் நடப்பது இதுவே. இந்நோயாளரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

ஆய்வுகூடத்தில், மனிதக் கலங்கள் பரப்பிய கண்ணாடித் தகட்டில் ஐதாக்கிய சீரத்தை இடுவர். கருவுக்கு எதிரானவை இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். பின் ஒளிர்சாயம் சேர்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால் கரு பச்சையாக ஒளிரும். 1:80, 1:160 என்பன எவ்வளவு ஐதாக்கியும் ஒளிர்ந்தது என்பதற்கான கணக்கு.

ஆனால் ஒளிர்ந்ததெல்லாம் நோயல்ல. 1997இல் வெளியான ஆய்வொன்றில், சுகதேகிகளிலும் நூற்றுக்கு 13 பேருக்கு 1:80 அளவில் ஒளிர்ந்தது. லூபஸ் நோயாளருக்கோ அநேகமாக எல்லோருக்கும் ஒளிரும். எனவே ‘நெகட்டிவ்’ வந்தால் அந்நோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ‘பொசிட்டிவ்’ என்பதோ முடிவல்ல, டி.என்.ஏ. எதிரிகளையும் சிறுநீரையும் சோதித்து, நோய்க்குறிகளோடு ஒப்பிட்டே வைத்தியர் தீர்மானிப்பார்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ‘ரோ’ என்னும் கலப்பொருளுக்கு எதிரானவை நச்சுக்கொடி வழியே சிசுவை அடைந்து, நூற்றில் ஓரிரு கர்ப்பங்களில் அதன் இதயத்துடிப்பை மந்தமாக்கக்கூடும். உங்கள் அறிக்கையில் அது இருந்தால் கருத்தரிக்குமுன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். பழைய அறிக்கைகளை வீசிவிடாது பத்திரப்படுத்துங்கள்.